பகிரும் முன் ஒரு கணம்

காலை நாளிதழும் மாலை வானொலியும் தருவதே செய்தி என்றிருந்த காலத்தில், ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க ஓர் ஆசிரியர் இருந்தார். இன்று செல்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்தி வெளியிடுபவரே. இம்மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, இந்திய வலைப்பதிவர்கள் சிலர் தொடங்கிய கூட்டு வலைப்பதிவு உதவி பற்றிய தகவல்களை ஓரிடத்தில் திரட்டித் தந்தது. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளை இன்று எவரும் அதன் இணையதளத்தில் படித்துக் கொள்ளலாம்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் கருத வேண்டும். வலைப்பதிவு திறந்த வெளி. அங்கே எழுதப்பட்ட பிழையை அறிந்தோர் அங்கேயே மறுக்க இயலும். வாட்ஸ்அப் குழுவோ மூடிய அறை. அதனுள் சுற்றும் வதந்தி, அதை மறுக்க வேண்டியவரின் கண்ணில் படுவதே அரிது.

2016 நவம்பரில், புதிய 2,000 ரூபாய்த் தாளில் மின்னணுச் சில்லு பதிக்கப்பட்டிருப்பதாக ஒரு செய்தி நாடெங்கும் பரவியது. அதை வியப்புடன் பகிர்ந்தவர்களுள் நாமும் இருந்தோம். அது நகைப்போடு முடிந்தது. 2019 செப்டம்பரில் பரவியதோ அத்தகையதன்று. ஒன்பது வங்கிகள் நிரந்தரமாக மூடப்படும் என்றது அச்செய்தி. ரிசர்வ் வங்கி அதைப் பொய்யென அறிவிக்க வேண்டியதாயிற்று.

வங்கி பற்றிய வதந்திக்குத் தனிக் கேடு ஒன்று உண்டு. மழை வரும் என்ற பொய், மழையைக் கொண்டு வராது. ஆனால், வங்கி மூடப்படும் என்ற பொய்யை நம்பி அனைவரும் ஒரே நாளில் பணம் எடுக்க வந்தால், நல்ல நிலையிலுள்ள வங்கியும் தடுமாறும். வைப்புத்தொகையின் பெரும்பகுதி கடனாக வெளியே சென்றிருக்கும் அல்லவா? அஞ்சி, முதிர்வுக்கு முன்பே வைப்பை முடித்துக் கொள்ளும் ஓய்வூதியர் தமக்குரிய வட்டியில் ஒரு பகுதியை இழக்கிறார். ஒரு வங்கியில் ஒருவர் வைத்துள்ள தொகைக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பதை அந்த வதந்தி அவருக்குச் சொல்வதில்லை. 1 லட்சமாக இருந்த இவ்வரம்பு 2020 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டது.

2018-இல், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் வரம்பு விதித்தது. அது வேகத்தைக் குறைக்குமேயன்றி, உண்மையைச் சோதிக்காது. அப்பணி இப்போது நம்முடையது.

வங்கிகளுக்கும் இதில் கடமை உண்டு. ஐயம் எழுந்த அன்றே, வாடிக்கையாளரின் மொழியில், எளிய சொற்களில் விளக்கம் தர வேண்டும். மௌனம் வதந்திக்கே துணைபோகும்.

வாடிக்கையாளராகிய நாம் செய்யத்தக்கவை இரண்டு. பணம் பற்றிய செய்தி வந்தால், ரிசர்வ் வங்கியின் தளத்திலோ நம் கிளையிலோ கேட்டறிந்த பின்னரே பகிர்வோம். தவறாகப் பகிர்ந்துவிட்டால், நாணம் கருதாமல் அதே குழுவில் திருத்தத்தையும் இடுவோம். அந்த மூடிய அறைக்குள் உண்மையைக் கொண்டு செல்ல, உள்ளே இருக்கும் நம்மால் மட்டுமே இயலும்.