சாரல்மேல் பழி போடலாமா?

தென்காசிப் பக்கம் அரசுக் கட்டடத்துச் சுவரில் ஓதம் கண்டால் யாரும் பதறுவதில்லை. “சாரல் அடிக்குல்லா, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனியிலும் ஆடியிலும் அது சரியான பதில். சித்திரை வெயிலிலும் அதே இடம் காயாமல் கிடந்தால் சாரலைக் குற்றம் சொல்ல முடியாது; சுவருக்குள் பைப்பு கசிகிறது. ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பார்க்கச் சுந்தரபாண்டியபுரம் வருகிறவர்கள், ‘ரோஜா’ படம் எடுத்த ஊர் என்று போட்டோ பிடித்துக்கொண்டு போகிறார்கள். இது போன்ற பேரூராட்சிகளில் எழுபது, எண்பதுகளில் கட்டிய பள்ளிகள், அலுவலகங்களின் சுவருக்குள் அந்தக் காலத்துத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்தான் (ஜி.ஐ.) இன்னும் தண்ணீர் கொண்டுபோகிறது என்பதை உள்ளூர்க்காரர்களே நினைப்பதில்லை.

கட்டடங்களை நாம் ஆய்வே செய்வதில்லை என்று சொல்ல முடியாது. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகு கீற்றுக் கூரைகளைத் தேடிப் போனோம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்ததும், மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தோம். இரண்டும் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் சாவு விழுந்த இடத்தில் மட்டும் டார்ச் அடித்துப் பார்க்கிற இந்தப் பழக்கத்தில், யாரையும் ஒரே நாளில் கொல்லாத குழாயின் முறை வரவே வராது. கட்டட உறுதிச் சான்று சுவரையும் கூரையையும் பேசுகிறது. சுகாதாரச் சான்று கழிப்பறையையும் தண்ணீரையும் பேசுகிறது. தொட்டிக்கும் டேப்புக்கும் நடுவில் இருப்பது யார் பொறுப்பிலும் இல்லை.

அந்த நடுவில் என்ன நடக்கிறது? அரை இஞ்சு ஜி.ஐ. குழாயின் நடுத்தர ரகத்தில் தடிப்பு 2.6 மில்லிமீட்டர். எல்போவும் டீயும் மாட்ட மரை வெட்டும்போது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் போய்விடும். அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சும் கூடவே போய்விடும். ஆக, புதுக் குழாய்கூட இணைப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். துரு முதலில் தின்பது அங்கேதான். போர் தண்ணீர் என்றால் உள்ளே உப்பும் படியும். 15 மில்லிமீட்டர் துளை 10 ஆகச் சுருங்கினால், அதே அழுத்தத்தில் வருகிற தண்ணீர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். தொட்டி நிரம்ப நேரமாகிறது என்று பெரிய மோட்டார் வாங்கி மாட்டுவார்கள். மெலிந்த மரைக்கு அதுவே எமன்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மலையிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு. போர் தண்ணீரில் அதிகம். வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஓடிய குழாயில் திடீரென்று ஆற்றுத் தண்ணீரை விட்டால், உள்ளே படிந்த பொருக்கு இளகிப் பெயரும். டேப்பில் செந்தண்ணீர் வரும். ஜனங்கள் குடிநீர்த் திட்டத்தைத் திட்டுவார்கள். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் தண்ணீரை உள்ளூர் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியபோது அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் கரைந்து வீடு வீடாகப் போனது. 2015 அக்டோபரில் பழைய தண்ணீருக்கே திரும்பினார்கள். அங்கே இருந்தவை ஈயக் குழாய்கள், இங்கே இருப்பது இரும்பு. ஆபத்தின் அளவு வேறு. ஆனாலும் தண்ணீரை மாற்றுகிறவர் குழாயையும் விசாரிக்க வேண்டும் என்பது இரண்டு ஊருக்கும் பொது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் போட்டால் தீர்ந்தது என்பார்கள். பி.வி.சி. குழாயில் ஈயக் கலவையை நீக்கச் சொல்லும் ஒன்றிய அரசின் விதிகள் 2021-ல்தான் வந்தன. ஆகவே அதற்கு முன் போட்ட பிளாஸ்டிக்கையும் விசாரிக்காமல் நம்ப முடியாது.

இரும்புக் குழாயைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். மாலையில் பள்ளி விட்டதும் தொட்டியை நிரப்பி, வரத்தையும் எல்லா டேப்புகளையும் அடைத்துவிட்டு மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் கசிவு. விடிந்ததும் டேப்பில் வரும் முதல் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு இன்னொரு பாட்டிலிலும் பிடியுங்கள். முதலாவது மட்டும் செம்மை என்றால் கட்டடத்துக் குழாய்மேல் சந்தேகம். இரண்டுமே செம்மை என்றால் தொட்டியையோ அதற்கு முந்தின லைனையோ பார்க்க வேண்டும். தடிப்பை அளக்க அல்ட்ராசானிக் கருவி இருக்கிறது. ஆனாலும் ஓர் அடிக் குழாயை அறுத்து நெடுக்காகப் பிளந்து, துருக் குழியின் ஆழத்தை அளப்பதற்கு நிகரான சாட்சி வேறில்லை. மண்ணுக்குள்ளிருந்து மேலேறும் இடத்திலும், பித்தளை வால்வு இரும்போடு சேரும் இடத்திலும் அறுக்க வேண்டும். பார்வைக்குச் சுலபமான வராந்தாக் குழாயை அறுத்துப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதுவது ஏமாற்று.

அறுத்ததை யார் மாட்டுவது, செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பொறியாளர்கள் கேட்பார்கள். யூனியன் என்ற இணைப்பைப் போட்டு மாட்டுவது பிளம்பருக்குச் சின்ன வேலை. தலைப்புதான் சிக்கல். வெள்ளையடிக்க நிதி வருகிறது; ஓதத்தின் மேலேயே பட்டி பார்த்து பெயின்ட் அடித்து, வேலையைப் பதியும் அளவுப் புத்தகமான எம்.புக்கில் ஏற்றிவிடலாம். பைப்பைத் தேடுவதற்கென்று நிதி வருவதில்லை. எந்தச் சுவருக்குள் எது ஓடுகிறது என்ற வரைபடமும் பல இடங்களில் கிடையாது. பழைய பிளம்பர் ஒருவரின் நினைவில்தான் இருக்கிறது.

உறுதிச் சான்றுப் படிவத்தில் மூன்று வரி சேர்த்தால் போதும்: குழாய் எந்த ரகம், எந்த வருடம் பதித்தது, கடைசியாக எங்கே அறுத்துப் பார்த்தது. அறுத்த துண்டில் தேதியும் இடமும் எழுதி அலுவலக அலமாரியில் போட்டு வைக்கட்டும். ஐந்து வருடம் கழித்து மாற்றலாகி வருகிற பொறியாளர், துரு எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்று அதை வைத்துக் கணக்குப் போடலாம். எந்தக் கட்டடத்துக்கு முதலில் பணம் கேட்பது என்றும் முடிவெடுக்கலாம்.