முழுதும் அகற்றினால்தான் பாதுகாப்பா?

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் கண்டவர்க்கும் "முழுதும் எடுத்துவிடுங்கள்" என்று உறவினர் மன்றாடுவர். அச்சம் இயல்பு; அதற்கு இணங்கும் மருத்துவம் பிழை. 1999இல் வெளியான இத்தாலிய ஆய்வில் 618 நோயாளிகள் இருவகை அறுவைக்கும் பகுக்கப்பட்டனர். ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோர் பகுதி நீக்கத்தில் 65 விழுக்காடு, முழு நீக்கத்தில் 62. கூடுதலாக வெட்டியதால் கூடுதல் ஆயுள் கிட்டவில்லை.

இழப்போ பெரிது. வாழ்நாள் முழுதும் பி12 ஊசி. உணவோ சிறிது சிறிதாக, நாளுக்கு ஐந்தாறு வேளை. பெங்களூரு கித்வாய் மருத்துவமனைக்குத் தொலைவூரிலிருந்து வரும் கூலித்தொழிலாளிக்கு வேலைத்தலத்தில் அவ்வாறு உண்ண யார் விடுவார்?

மேற்பகுதிக் கட்டிக்கும் சுவரெங்கும் படர்ந்த வகைக்கும் முழு நீக்கம் வேண்டியதே. அதை எவரும் மறுக்கவில்லை. கட்டியைச் சுற்றிப் போதிய நலமான திசு எஞ்சும்போது, கண்டிப்பை நிணநீர்க் கணுக்களை முறையாக அகற்றுவதிலன்றோ காட்ட வேண்டும்?