பேஸ் வாசித்தது யார்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் நண்பர் ஒருவருக்கு எங்கள் இதழைக் கொடுக்கப் போயிருந்தேன். பேச்சு பாதியில் இருக்கும்போதே மகனுடைய ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டிவிட்டார். ‘மூடுபனி’ படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’. 1980-இல் வந்த பாட்டு, எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. “யேசுதாஸை விடுங்கண்ணே, கிட்டாரையும் விடுங்க. அதுக்கு அடியில போறதை மட்டும் கேளுங்க” என்றார். கேட்டேன். பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு தன் போக்கில் நடந்துகொண்டிருந்தது.

இத்தனை வருஷம் காதில் விழாததற்குக் காரணம் உண்டு. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 தடவைதான் அதிரும். அந்த அடிநாதத்தை எழுப்பும் தெம்பு டிரான்சிஸ்டரின் சின்ன ஸ்பீக்கருக்குக் கிடையாது, இன்றைய செல்போனுக்கும் கிடையாது. இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் இளையராஜாவைத் தறிச்சத்தத்தின் ஊடே ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்கள். நமக்குக் கிடைத்தது பாட்டின் மேல்பாதிதான்.

எண்பதுகளில் ராஜாவின் குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன். ‘இளைய நிலா’வின் கிட்டாரை வாசித்தவர் சந்திரசேகர் என்று சொல்ல இன்றைக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். சசிதரன் பெயரைச் சொன்னால், இசைப் பைத்தியங்களைத் தவிர மற்றவர்கள் “யார்?” என்பார்கள். அந்தக் காலத்து கேசட் அட்டைகளில் இசையமைப்பாளர் இருப்பார், பாடகர் இருப்பார், கவிஞர் இருப்பார். கால்ஷீட்டுக்கு வந்து, நோட்டேஷனைப் பார்த்து வாசித்து, சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு அட்டையில் இடமில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எப்போதும் தயாராக இருக்கும்: ராஜா ஒவ்வொரு கருவிக்கும் தானே எழுதிக் கொடுப்பவர், பேஸ் வரிகளும் அவர் எழுதியவை, வாசித்தவருக்கு என்ன தனிப் பெருமை? இந்தக் கேள்வியைக் காஞ்சிபுரத்தில் கேட்கக் கூடாது. ஒரே டிசைன், தறியில் மாட்டும் ஒரே துளை அட்டை, ஒரே பட்டு. இரண்டு தறியில் போட்டால் இரண்டு புடவை வரும். ஊடையை அடிக்கிற கையின் அளவு அட்டையில் துளையாக இருக்காது. பேஸிலும் அப்படித்தான். ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் ஒலிக்கவிடுவது, எப்போது விரலால் அமர்த்துவது, டிரம்ஸை ஒரு மயிரிழை முந்துவதா பிந்துவதா என்பதையெல்லாம் தாளில் முழுசாக எழுத முடியாது. எழுதியது ராஜா. நம் காதுக்கு வருவது சசிதரனின் விரல்.

மேல்நாட்டிலும் கதை பெரிதாக வேறு இல்லை. டெட்ராய்டில் மோடவுன் கம்பெனியின் ஏராளமான பாட்டுகளுக்கு வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவருக்கு முன்னால் வைக்கப்பட்டது பெரும்பாலும் வெறும் கார்டு (chord) குறிப்புதான். வரியை அவரே, வலது கையின் ஒற்றைச் சுட்டுவிரலால், அந்த இடத்திலேயே உண்டாக்கினார். அவர் பெயர் அந்தக் கம்பெனியின் இசைத்தட்டு உறையில் ஏறியது 1971-இல், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வந்தபோதுதான். லண்டனில் ஹெர்பி ஃபிளவர்ஸ் என்றொருவர். லூ ரீடின் ‘வாக் ஆன் த வைல்ட் சைட்’ (1972) பாட்டில் முதலில் டபுள் பேஸை வாசித்துவிட்டு, அதன்மேல் எலெக்ட்ரிக் பேஸை இன்னொரு அடுக்காக ஏற்றினார். இரண்டு கருவி வாசித்தால் கூடுதல் கூலி என்பதும் ஒரு காரணம் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். மொத்தம் கிடைத்தது 17 பவுண்ட். அந்தப் பாட்டை உலகம் அடையாளம் கண்டுகொள்வது அவருடைய அந்த இறங்கி ஏறும் இழுப்பை வைத்துத்தான்.

தொண்ணூறுகளில் ரஹ்மானின் கேசட் அட்டைகளில் வாசித்தவர்களின் பெயர்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் கலைஞரை என் தலைமுறை அறிந்தது அப்படித்தான். அச்சிட்டதால் ரஹ்மான் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

கூட வாசிப்பவரை மதிப்பது நம் ஊருக்கும் புதிய பாடமில்லை. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) கச்சேரிக்கு உட்கார்ந்தால் ‘ஃபுல் பெஞ்ச்’ என்பார்கள்: மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம். அவர்களைப் பின்னால் ஒதுக்கி வைத்துவிட்டு அவர் பாடவில்லை. லயத்தில் அவர்களோடு மல்லுக்கட்டிப் பாடினார்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னபோது அவர் தறியைக் காட்டினார். அசல் கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. ஒரு கரையின் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அப்படி உட்கார இப்போது ஆள் கிடைப்பதில்லை, கோர்வைத் தறிகளும் குறைந்துவிட்டன. “நெய்யிற என் பேரே பொட்டி மேல கிடையாது, கடை பேருதான். பக்கத்தாளு பேரை யாருண்ணே கேக்கப் போறாங்க?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஒரு சின்ன வேலையை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த இதழிலிருந்து, தமிழ்த் திரைப்பாட்டுகளில் வாசித்தவர்களின் பெயர்களைப் பாட்டு வாரியாக ஒரு பக்கம் வெளியிடப் போகிறோம். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பெயர் அச்சான பழைய அட்டையைப் பத்திரப்படுத்தியிருப்பவர்கள் எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், உறுதியாகத் தெரிந்ததை மட்டும் அனுப்புங்கள். பேஸ் வாசித்தவர் பெயர் இருந்தால் அதை முதலில் போடுவோம்.