நோயாளிக்கு இறைவன் தந்த சலுகையை முதலாளி பறிக்கலாமா?

 

மருத்துவர் ஐந்து நாள் ஓய்வு எழுதிக் கொடுக்கிறார். இரண்டாம் நாளே கடையிலிருந்து அழைப்பு வருகிறது. “உடம்பு எப்படி இருக்கிறது?” என்பது முதல் கேள்வி. அதற்கான பதிலை எதிர்பாராமலே, “அந்தப் பில் எங்கே?”, “சரக்கு வந்திருக்கிறது, வந்து எண்ணிவிட்டுப் போ”, “படுத்துக்கொண்டே கணக்கை முடித்து அனுப்பு” என்று கட்டளைகள் தொடர்கின்றன. மறுத்தால், “பெருநாள் வியாபாரம் நடக்கும் நேரத்தில் உனக்குக் காய்ச்சல் வருகிறதா?” என்ற ஏச்சு. மாத இறுதியில் ஊதியப் பிடித்தம். அடுத்த ஆண்டு ஊதிய உயர்வில் ஓரவஞ்சனை.

இது ஏதோ மாற்றார் நிறுவனங்களில் மட்டும் நிகழும் அநீதி என்று நாம் கருதிக்கொண்டிருந்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். நெற்றியில் தொழுகைத் தழும்பும், கல்லாப்பெட்டிக்கு மேலே ஆயத்துல் குர்ஸியும் இருக்கின்ற கடைகளிலும் இது நடக்கிறது. நம் மதரஸாக்களிலும் பள்ளிவாசல்களிலும் நடக்கிறது. ஆகவே இதைப் பேச வேண்டிய பொறுப்பு, மார்க்கத்தைக் கற்பிக்கும் நம்மீதே முதலில் விழுகிறது.

படைத்தவன் விட்டுக்கொடுத்தான்

நோயாளியிடம் அல்லாஹ் தன் உரிமையையே எவ்வாறு கேட்கிறான் என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ரமளான் நோன்பு இஸ்லாத்தின் தூண்களுள் ஒன்று. ஆயினும் நோயுற்றவர் அதை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆகிய வசனங்கள் அனுமதி தருகின்றன. தண்ணீர் தீங்கிழைக்கும் என்றால் நோயாளி தயம்மும் செய்துகொள்ளலாம். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதுவும் இயலாவிடில் படுத்துக்கொண்டே தொழலாம். மூலநோயால் அவதியுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இவ்வாறே கற்பித்ததை ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம்.

அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் 17-ஆம் வசனமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. போருக்குச் செல்லாத நோயாளியின் மீது குற்றமில்லை என்று அது அறிவிக்கிறது. சமுதாயத்தின் உயிரே ஊசலாடும் போர்க்களத்திற்கு வராதிருக்க அனுமதி பெற்ற நோயாளி, புடவைக் கடைக்கு வராதிருக்க அனுமதி பெறவில்லையா? படைத்தவன் தன் கடமையைத் தள்ளிவைத்துக்கொள்ளச் சொல்லும் அதே உடலிடம், சம்பளம் கொடுப்பவன் மட்டும் தன் வேலையைத் தள்ளிவைக்க மாட்டேன் என்கிறான். இவன் யாரைவிடத் தன்னை உயர்த்திக்கொள்கிறான்?

அதுமட்டுமன்று. ஓர் அடியார் நோயுற்றாலோ பயணம் மேற்கொண்டாலோ, அவர் உடல்நலத்துடன் ஊரிலிருந்தபோது செய்துவந்த நற்செயல்களின் கூலி அவருக்குத் தொடர்ந்து எழுதப்படுகிறது என்று அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி கூறுகிறது. இதுவும் புகாரீயில் உள்ளது. ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு என்பது ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் கண்டுபிடித்த புதுமை என்று நினைப்பவர்கள் இந்த ஹதீஸை மீண்டும் ஒருமுறை படிக்கட்டும். செய்யாத வணக்கத்திற்கும் நோயாளிக்குக் கூலி தருபவன் நம் இறைவன்.

சலுகையை மறுத்தவர்களுக்கு நபிகளாரின் கண்டனம்

பயணம் ஒன்றில் ஒருவருடைய தலையில் கல் பட்டுக் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்பும் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கடுமையாகக் கண்டித்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது.

அந்த மனிதரைத் தண்ணீரில் யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அவருக்கு உரிய சலுகையை இல்லை என்று சொன்னார்கள், அவ்வளவே. டெங்குக் காய்ச்சலில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து கிடப்பவரை, “வந்து தலையைக் காட்டிவிட்டுப் போ” என்று அழைக்கும் முதலாளி இந்த ஹதீஸை நினைவில் கொள்ள வேண்டும். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாட்களே ஆபத்து மிகுந்த நாட்கள் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். “காய்ச்சல்தான் விட்டுவிட்டதே” என்று அழைப்பு வருவதும் சரியாக அதே நாட்களில்தான். காசநோயோ அம்மையோ உள்ளவரை வேலைக்கு வரவழைப்பவர் அவருக்கு மட்டுமின்றி, உடன் பணியாற்றுவோர், வாடிக்கையாளர் அனைவருக்கும் தீங்கிழைக்கிறார். நோயுற்ற ஒட்டகத்தை நலமுள்ள ஒட்டகங்களிடம் கொண்டு செல்லலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒட்டகத்திற்கு உள்ள பாதுகாப்பு மனிதனுக்கு இல்லையா?

“வேலை செய்யாத நாளுக்கு ஏது கூலி?”

இப்படிச் சில முதலாளிமார்கள் ஃபிக்ஹ் பேசுகிறார்கள். நாமும் ஃபிக்ஹைக் கொண்டே பதில் சொல்வோம்.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் கட்டளையிடுகிறது. வழக்கத்தில் அறியப்பட்டது, நிபந்தனையாக விதிக்கப்பட்டதைப் போன்றதே என்பது ஃபிக்ஹ் நூல்களில் நிலைபெற்ற விதி. நம் மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஆண்டுக்கு 12 நாட்கள் வரை ஊதியத்துடன் மருத்துவ விடுப்பு தருகிறது. தற்செயல் விடுப்பு அதற்குப் புறம்பானது. பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. திட்டம் உண்டு. சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், நோயுற்ற காலத்தில் ஊதியத்தின் 70 விழுக்காட்டை ஆண்டில் 91 நாட்கள் வரை அத்திட்டம் வழங்குகிறது. இதற்கென ஊதியத்திலிருந்து 0.75 விழுக்காடு ஊழியரிடமும், 3.25 விழுக்காடு முதலாளியிடமும் வசூலிக்கப்படுகிறது. வளைகுடாவில் உழைக்கும் நம் சகோதரர்களுக்கும் இதை ஒத்த உரிமைகள் உண்டு. சவூதி அரேபியத் தொழிலாளர் சட்டம் ஆண்டில் முதல் 30 நாட்களுக்கு முழு ஊதியமும் அடுத்த 60 நாட்களுக்கு முக்கால் பங்கு ஊதியமும் தருகிறது. இவ்வுரிமைகளை அறிந்தே ஆள் சேர்க்கிறோம். ஆகவே இவை நம் ஒப்பந்தத்தின் பகுதிகளே.

ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்றால், அந்நாளின் ஓய்வு ஊழியர் தம் ஒப்பந்தத்தால் பெற்ற உரிமை. ஊதியமில்லா விடுப்பு என்றால், அன்றைய உழைப்பை முதலாளி விலைக்கு வாங்கவே இல்லை. வாங்காத பொருளைக் கடையிலிருந்து எடுத்துச் செல்பவனுக்கு என்ன பெயரோ, அதுவே இவருக்கும் பெயர். எப்படிப் பார்த்தாலும் நோய்ப்படுக்கையில் வாங்கும் வேலைக்கு மார்க்கத்தில் இடமில்லை.

இ.எஸ்.ஐ. உதவித்தொகை பெறும் ஊழியரிடம் இரகசியமாக வேலை வாங்குவது இன்னும் கொடிது. வேலை செய்த நாளுக்கு அத்தொகை பெற அவருக்கு உரிமையில்லை. ஆகவே முதலாளி அவரை நோயில் வாட்டுவதுடன் பொய்யராகவும் ஆக்கி, உரிமையில்லாத பணத்தை உண்ணவும் வைக்கிறார்.

“அவராகத்தானே ஒப்புக்கொண்டார்?” என்பது அடுத்த வாதம். மனப்பூர்வமாகத் தந்தாலன்றி ஒரு முஸ்லிமின் பொருள் மற்றவருக்கு ஆகுமானதன்று என்பது நபிமொழி. வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், நகைக் கடன் வட்டிக்கு அஞ்சும் அச்சம் ஆகியவற்றுக்கு நடுவில் கிடப்பவர் சொல்லும் “சரிங்க பாய்” மனப்பூர்வமான சம்மதம் ஆகாது.

“கடை சிறியது, மாற்றுக்கு ஆளில்லை” என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இலாபம் யாருக்கோ அவருக்கே இழப்பின் பொறுப்பும் என்பது ஷரீஅத்தின் விதி. நல்ல நாளின் இலாபத்தில் ஊழியருக்குப் பங்கு தராதவர், கெட்ட நாளின் சுமையை மட்டும் அவருடைய படுக்கையில் கொண்டுபோய் வைப்பது எந்த நீதி? பத்து நிமிடம் தாமதமானால் ஊதியத்தில் பிடிப்பவர், படுக்கையில் வாங்கிய மூன்று மணி நேர வேலையைக் கணக்கில் எழுதுவதில்லை. அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் தொடங்குகிறதே, அது மளிகைத் தராசுக்கு மட்டும் இறங்கியதா?

“பொய்ச் சான்று வாங்கிவருகிறார்களே?” என்றும் கேட்பார்கள். வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நோயில்லாமல் நோயென்று சொல்லி ஊதியம் பெறுவது துரோகம். அந்த ஊதியம் ஹராம் என்பதை ஊழியச் சகோதரர்களுக்குத் தயக்கமின்றிச் சொல்கிறோம். அதற்காகக் காய்ச்சலில் நடுங்கும் ஒருவரை வீடியோ அழைப்பில் முகம் காட்டச் சொல்வது, மற்றொருவர் செய்த குற்றத்திற்கு இவரைத் தண்டிப்பதாகும். ஐயம் உண்டென்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

நபிகளாரின் பணியாளர் நோயுற்றபோது

நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு யூதச் சிறுவர் பணிவிடை செய்துவந்தார். அவர் நோயுற்றார். நபி (ஸல்) அவர்கள் அவருடைய இல்லம் தேடிச் சென்று, தலைமாட்டில் அமர்ந்து நலம் விசாரித்தார்கள். இஸ்லாத்தை ஏற்குமாறு அன்புடன் அழைத்தார்கள். சிறுவர் தம் தந்தையின் முகத்தைப் பார்க்க, தந்தையே இசைவு தர, அவர் இஸ்லாத்தை ஏற்றார். இதுவும் புகாரீயில் உள்ளது.

நம் கடைகளிலும் வீடுகளிலும் பணியாற்றும் மாற்றுமதச் சகோதர சகோதரிகள் எத்தனை பேர்! பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கு எந்த விடுப்புச் சட்டமும் துணைக்கு வருவதில்லை. அவர் இரண்டு நாள் படுத்தால் நம் வீடுகளிலிருந்து யார் போய் நலம் கேட்கிறார்கள்? அழைப்புப்பணிக்கு மாநாடு போடும் நாம், நபிகளார் அந்தத் தலைமாட்டில் அமர்ந்த அழகை மறந்துவிட்டோம்.

நம் நிர்வாகங்களுக்கு

பள்ளிவாசல், மதரஸா நிர்வாகிகளிடமும் சில சொற்கள். டைபாய்டில் கிடக்கும் இமாமை ஃபஜ்ருக்கு அழைக்க ஆளனுப்புகிறோம். கால் வீங்கிய மோதினாரைப் படியேறச் சொல்கிறோம். நிஸ்வான் மதரஸாவின் ஆலிமா, கருவுற்ற நிலையில் வாந்தியோடு வந்து பாடம் நடத்துகிறார். “தீன் சேவைக்கு விடுமுறை உண்டா?” என்று கேட்கிறோம். தீன் சேவை என்ற சொல்லை ஊதியம் குறைக்கவும் ஓய்வு மறுக்கவும் பயன்படுத்துவது, தீனுக்கு நாம் இழைக்கும் அவமானம். தொழில் சட்டங்கள் பள்ளிவாசலுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். ஷரீஅத் பொருந்தும் என்பதில் யாருக்கும் ஐயமிருக்க முடியாது.

மத்யனின் பெரியவர் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய நிகழ்வை அல்கஸஸ் அத்தியாயம் விவரிக்கிறது. ஆண்டுக் கணக்கைப் பேசியவுடன், உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்ற உறுதியையும் அப்பெரியவர் அளிக்கிறார். குர்ஆன் நமக்குக் காட்டும் பணி ஒப்பந்தத்தில் முதலாளி தரும் வாக்குறுதி அது. நம் நியமனக் கடிதங்களில் அது எங்கே?

ஆகவே நாம் கோருவது இவ்வளவே. ஒவ்வொரு ஜமாஅத்தும் மதரஸாவும் நோய் விடுப்பு எத்தனை நாள், ஊதியம் எவ்வளவு என்பதை எழுத்தில் வைக்கட்டும். இமாம் இல்லாத நாளில் தொழவைக்க மஹல்லாவில் இருவரைப் பயிற்றுவித்து வைக்கட்டும். கடைக்காரர்கள் ஒவ்வொரு பொறுப்புக்கும் மாற்றாள் ஒருவரைப் பழக்கட்டும். பெட்டகச் சாவி எங்கே என்று ஒரே ஒரு முறை கேட்பது தேவை. அந்த ஒரு கேள்வியோடு அழைப்பை முடித்துக்கொள்ளட்டும். ஊழியர்களும் நோயைக் காலத்தோடு தெரிவித்து, தம்மிடமுள்ள சாவியையும் கணக்கையும் அமானத்தாக ஒப்படைத்துவிட்டே ஓய்வெடுக்கட்டும். ஆலிம்கள் ஜும்ஆ பயானில், வியர்வை உலருமுன் கூலி கொடுக்கும் ஹதீஸைச் சொல்வதோடு நில்லாமல், வியர்க்கக்கூட வலுவில்லாதவரின் உரிமையையும் சொல்லட்டும்.

மறுமையில் அல்லாஹ் தன் அடியானிடம், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை நலம் விசாரிக்க வரவில்லையே என்று கேட்பான் என ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. இன்ன அடியான் நோயுற்றிருந்தானே, அவனை விசாரித்திருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாயே என்பது அதன் விளக்கம். நலம் விசாரிக்காதவனுக்கே இந்தக் கேள்வி என்றால், அந்த நோயாளியை எழுப்பி வேலை வாங்கியவனிடம் என்ன கேட்கப்படும்?

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு முழு நலத்தைத் தருவானாக! அவர்களிடம் வேலை வாங்குவோரின் உள்ளங்களில் இரக்கத்தையும், வியாபாரங்களில் ஹலாலான பரக்கத்தையும் தருவானாக! ஆமீன்.