இதழாளனாக எதைப் படிப்பது?

கூட்டேரிப்பட்டில் மயிலம் சாலை பிரியும் இடத்தில் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு தகப்பனார் நம்மிடம் கேட்டார்: "பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். பத்திரிகைக்குத்தான் போவேன் என்கிறான். எதில் சேர்ப்பது, பாய்?"

கேள்வியில் இரண்டு அச்சங்கள் ஒளிந்திருந்தன. இந்தத் தொழில் சோறு போடுமா என்பது ஒன்று. வம்பில் மாட்டிவிடுமா என்பது மற்றொன்று. எழுதுவதற்குப் பையனிடம் சரக்கு இருக்குமா என்ற மூன்றாவது அச்சம் மட்டும் அவருக்கு எழவில்லை. நமக்கு அதுதான் பேரச்சமாகத் தோன்றுகிறது.

"நம்மைப் பற்றித் தப்பும் தவறுமாக எழுதிவிட்டான்" என்று நாளேட்டை வீசியெறியாத முஸ்லிம் வீடு உண்டா? வீசியெறிந்த கையோடு மகனைப் பொறியியலுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்புகிறோம். பிறகு யார் வந்து சரியாக எழுதுவார்? மனமிரங்கும் சில பெற்றோரும் காட்சித் தொடர்பியல் பட்டம் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போதுமென்று நினைக்கிறார்கள். கேமராவைப் பிடிக்கச் சில மாதங்களில் கற்றுவிடலாம். எதன் பக்கம் அதைத் திருப்புவது என்பதற்கு ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையேறிற்று. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் மயிலத்தில் பெய்த மழை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். "கொட்டித் தீர்த்தது" என்று எழுத எந்தப் படிப்பும் வேண்டியதில்லை. 50 சென்டிமீட்டர் என்றால் ஓர் ஏக்கரில் 20 லட்சம் லிட்டர் தண்ணீர் என்று கணக்கிடத் தெரிந்தவனுக்கே அடுத்த கேள்வி பிறக்கும். ஏரியின் கொள்ளளவு என்ன? கலங்கலைக் கடைசியாக எப்போது செப்பனிட்டார்கள்? அதற்கு ஒதுக்கிய பணத்தின் கணக்கு எங்கே? பெயரிலேயே ஏரியைச் சுமக்கும் ஊரில் இதைக் கேட்க ஆளில்லை என்றால் அது யார் குற்றம்?

நம் சொந்த விவகாரத்துக்கு வருவோம். 1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டம் 2025இல் திருத்தப்பட்டபோது மேடைதோறும் முழக்கம் எழுந்தது. எழ வேண்டியதுதான். ஆனால் எந்தப் பிரிவு எதை மாற்றிற்று, உச்சநீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பரில் எவற்றை இடைக்காலமாக நிறுத்திவைத்தது என்று மஹல்லாவாசிக்கு விளங்கும் தமிழில் எழுதிய நம் இளைஞர்கள் எத்தனை பேர்? பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வாசிக்கத் தெரியாதவன் வக்ஃபு நிலத்தைப் பற்றி எழுதினால் ஒப்பாரி வரும், செய்தி வராது.

முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1882இல் கண்டியில் 'முஸ்லிம் நேசன்' கண்ட சித்தி லெப்பை வழக்கறிஞர். 'தாருல் இஸ்லாம்' நடத்திய பா. தாவூத் ஷா, இதே விழுப்புரத்தில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்து, கிலாஃபத் காலத்தில் பதவியைத் துறந்தவர். முஸ்லிம்கள் எழுதும் தமிழ் பிழையற்ற தமிழாக வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் போராடியவரும் அவரே. இருவரிடமும் இதழியல் பட்டம் இருந்ததில்லை; சட்டமும் மொழியும் இருந்தன.

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு நாம் சொன்னது இதுதான். மயிலத்தில் தமிழ் பயிலக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரத்துக்கு 2017இல் அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. இரண்டும் பேருந்துத் தொலைவில்தான். இரண்டில் ஒன்றை முறையாகப் படிக்கட்டும், பொருளியலானாலும் பழுதில்லை. ஆங்கிலத்தை விடாமல் பழகட்டும். விடுமுறையில் கிராம சபைக்குப் போய் வரவுசெலவு வாசிக்கப்படுவதைக் கேட்கட்டும். நீதிமன்றத்தின் பின்வரிசையில் ஒரு நாள் உட்காரட்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனுவாவது தன் கைப்பட எழுதிப் போடட்டும். இதழியல் பட்டயம் அதற்குப் பிறகு ஓராண்டில் வாங்கலாம். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. முதலில் வேண்டாம் என்கிறோம்.

"மகளும் இதையே கேட்கிறாள்" என்று அவர் தயங்கினார். அவளுக்கும் இதே பதில்தான். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் உதவித்தொகை வழங்கும் ஜமாஅத்துகள், செய்தி எழுதுவதற்காகச் சட்டம் பயில வரும் பிள்ளையின் விண்ணப்பத்தை எந்தக் கட்டில் வைக்கப்போகின்றன என்பதை நிர்வாகிகள்தாம் சொல்ல வேண்டும்.