யோக்கியதைப் புரட்டு

தஞ்சை ஜில்லாவில் வயதானவர்கள் ஆறாம் பாரம் படித்த கதையைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆறாம் பாரத்துக்குப் பிறகு பி.யு.சி. இருந்தது, அது போய் 1978 முதல் பிளஸ் டூ வந்தது. பெயர் எதுவானாலும் அதைத் தேறினவன் மேற்படிப்பின் வாசலில் காலை வைத்தான் என்பதுதான் அதன் பொருள். மருத்துவப் படிப்பைப் பொறுத்தமட்டில் 2017 முதல் அந்தப் பொருளும் போய்விட்டது. பிள்ளை இரண்டு வருஷம் கண்விழித்துப் படித்து வாங்கும் மார்க்கைத் தள்ளிவிட்டு, ஒரு நாள் மத்தியானத்தில் எழுதும் "நீட்" என்னும் பரீட்சைதான் அவனுடைய யோக்கியதை என்கிறார்கள்.

இந்த யோக்கியதை எங்கே கிடைக்கிறது? பயிற்சிக் கடையில் கிடைக்கிறது. நமது பக்கத்தில் ஜூன் 12ந் தேதி மேட்டூர் திறந்தால் குறுவை. விதைக்கும் உழவுக்கும் நடவுக் கூலிக்கும் குடியானவன் கடனுக்கு அலைகின்ற அந்த நாட்களில்தான் கடைக்காரனும் பணத்தைக் கட்டு என்கிறான். சொந்த நிலமே இல்லாத நடவாளின் மகள் எதை அடகு வைப்பாள்?

நீதிபதி ஏ.கே. ராஜன் கமிட்டி 2021இல் சர்க்காருக்குக் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில், பிளஸ் டூ முடித்த வருஷம் சேராமல் மறுபடி எழுதிச் சேர்ந்தவர்கள் 2016-17இல் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21இல் சுமார் 71 பேர்! அதாவது, பள்ளியை விட்ட பிறகும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பிள்ளையை வேலைக்கனுப்பாமல் உட்கார வைத்துச் சோறு போட்டு, கடைக்கும் பணங்கட்டக் கூடிய வீட்டுக்கே யோக்கியதை வந்து சேருகிறது. இதைப் பணத்தின் யோக்கியதை என்று சொல்லிவிட்டுப் போனால் நமக்குச் சண்டையே இல்லை. மூளையின் யோக்கியதை என்கிறார்களே, அதுதான் புரட்டு என்கின்றோம்.

அந்த யோக்கியதையின் லட்சணத்தையும் சற்றுப் பார்ப்போம். 2023 செப்டம்பரில் எம்.டி., எம்.எஸ். இடங்கள் காலியாகக் கிடந்தபோது, அதற்கான நீட் பரீட்சையின் தகுதி வரம்பை "சைபர் பர்சென்டைல்" என்று இறக்கினார்கள். எழுதியவர்களெல்லாம் தகுதியானவர்களே என்பது இதன் தமிழ்! 2024இல் 1563 பேருக்குக் கருணை மார்க்குப் போட்டுப் பிறகு பிடுங்கினார்கள். பாட்னாவிலும் ஹஸாரிபாக்கிலும் கேள்வித்தாள் முன்னதாகவே வெளியேறியதைச் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது.

நிற்க, நமது பள்ளிகளில் குற்றமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே நெட்டுருப் போடவைத்த பள்ளிகள் இருந்தன. அதற்குப் பள்ளியைத் திருத்துவது பரிகாரமா, பள்ளியையே செல்லாக்காசாக்குவது பரிகாரமா?

பரீட்சையின் யோக்கியதைக்குக் கும்பகோணமே சாட்சி சொல்லும். 1904இல் அங்குள்ள அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜம், கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எப்.ஏ. தேறவில்லை. அவரைத்தான் 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி அங்கத்தினராக்கிற்று. அக்கிரகாரத்துப் பிள்ளையையே பரீட்சை அறிந்துகொள்ளவில்லை. அவருக்காவது ஒரு ஹார்டி துரை வாய்த்தார். சேரிப் பிள்ளைக்கு எந்தத் துரை கடிதம் எழுதப் போகிறார்?

இவ்வளவுக்கும் நடுவில் பெற்றோர் பிள்ளைகளைப் பேனாவோடும் நோட்டோடும் கூத்தனூர் சரஸ்வதியிடம் அழைத்துப் போகிறார்கள். அங்கே மந்திரித்துக் கட்டிய கயிற்றைப் பரீட்சை வாசலில் அவிழ்க்கச் சொல்லுகிறான் காவல்காரன். சரஸ்வதிக்கு உள்ளே போக அனுமதிச் சீட்டு இல்லை போலும்!

2018 மே மாதத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு வெளி மாகாணத்தில் பரீட்சை இடம் போட்டார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தகப்பனார் ஒருவர் மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துப் போனார். மகன் உள்ளே எழுதிக்கொண்டிருக்க, தகப்பன் வெளியே மாண்டார். அந்தப் பிள்ளை அன்று எழுதிய தாளிலா அவன் யோக்கியதையைத் தேடுவது?

சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் நூற்றுக்கு 7½ இடம் ஒதுக்கியதை நாம் குறை கூறவில்லை. அதனால் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் டாக்டருக்குப் படிக்கிறார்கள். ஆனால் அவர்களும் நீட் எழுதியே தீரவேண்டும். அதே தெருவில், அதே வறுமையில், உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடும் இல்லை. வியாதியும் மருத்துவத்தோடு நிற்கவில்லை. திருவாரூரில் 2009இல் மத்திய சர்க்கார் சர்வகலாசாலை வந்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளை அதில் பட்டப்படிப்பில் சேர, 2022 முதல் "கியூட்" என்று இன்னொரு பரீட்சை!

பிளஸ் டூ மார்க்கையே கொள்ளவேண்டுமென்று 2021 செப்டம்பரில் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. கவர்னர் திருப்பியனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேற்றினார்கள். 2025 ஏப்ரலில் ஜனாதிபதியின் சம்மதம் இல்லையென்று செய்தி வந்தது. ஆனால், சென்னை மாகாணத்து மருத்துவ, இஞ்சினீயரிங் கல்லூரிகளின் வகுப்புவாரி உத்தரவைச் சுப்ரீம் கோர்ட்டு 1951 ஏப்ரலில் அடித்துப்போட்டபோது, இங்கே எழுந்த கிளர்ச்சியைக் கண்டு ஜூன் மாதத்துக்குள் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். இரண்டு மாதத்தில் முடிந்த காரியத்துக்கு இப்போது என்ன தடை என்று, ஓட்டுக் கேட்டு ஊருக்குள் வருகிறவர்களைத் தோழர்கள் நிறுத்தி வைத்துக் கேட்கட்டும்.