ரிங்கை எல்லாரும் எடுத்தாச்சு... கூட்டத்தை யார் எடுக்குறது?

கன்னியாகுமரி கடற்கரையில் சூரிய உதயம் பார்க்கப் போனா, ஒரு நிமிஷம் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னு பாருங்க மக்களே. தூக்கம் கலையாத முகங்கள், அப்பா தோளில் குழந்தை, முன்னாடி நிக்கிறவர் போன் ஸ்க்ரீன்லயே உதயத்தைப் பார்க்கிற பாட்டி. ஆனா நம்ம கேலரியில இருக்கிறது என்னவோ அதே சூரியன்தான்.

பாக்ஸிங்கிலும் இதே கதைதான். 2024 நவம்பர் 15, டெக்ஸாஸின் ஆர்லிங்டன். 58 வயது மைக் டைசனும் 27 வயது யூடியூபர் ஜேக் பாலும் மோதியதைப் பார்க்க 70,000 பேருக்கு மேல் திரண்டார்கள். நெட்ஃப்ளிக்ஸில் உலகமே லைவ் பார்த்தது (பாதி நேரம் பஃபரிங்கைத்தான் பார்த்தோம், அது வேற விஷயம்). ரிங்கைச் சுற்றி அத்தனை கேமராக்கள் இருக்கும்போது, கடைசி வரிசையிலிருந்து ஜூம் பண்ணி எடுத்த மங்கலான கிளிப் யாருக்கு?

1965-ல் விழுந்து கிடக்கும் சன்னி லிஸ்டனைப் பார்த்து முகமது அலி கர்ஜிக்கும் படம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எடுத்தவர் 22 வயது நீல் லெய்ஃபர். அலியின் கால்களுக்கு நடுவே இன்னொரு போட்டோகிராபர் தெரிவார், ஹெர்ப் ஷார்ஃப்மேன். பாவம், அலியின் முதுகுப் பக்கம் மாட்டிக்கிட்டார். ஆனா பின்னால் இருக்கும் அந்த முகங்களை எடுத்துட்டா, அந்தப் படத்தில் பாதி உயிர் போயிடும். 1971-ல் அலி - ஃப்ரேசியர் மோதலை 'லைஃப்' பத்திரிகைக்காகப் படமெடுத்தவர் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா. வேடிக்கை பார்க்க வந்தவங்களே வேடிக்கையான ராத்திரி அது!

நம்ம ஊருக்கு வருவோம். 1980-ல் அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. இன்னிக்குத் தேடினா அலியும் எம்.ஜி.ஆரும் இருக்கிற படம் சட்டுனு வந்துடும். சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு பரம்பரை பிரிஞ்சு பாக்ஸிங் பார்த்த ஊர் இது. அந்த கேலரியில உங்க தாத்தா உட்கார்ந்திருந்தா? அவர் முகத்தை எங்கே தேடுவீங்க?

மார்கழியில சுசீந்திரம் தேரோட்டத்துக்குப் போனா, ஒரு படம் தேருக்கு எடுங்க, ரெண்டு படம் வடம் பிடிக்கிறவங்களுக்கு எடுங்க. ஒருத்தர் முகத்தைக் கிட்டப் போய் எடுக்கணும்னா மட்டும், ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. "எனக்கும் அனுப்பு மக்கா"ன்னு நம்பர் சொன்னா, மறக்காம அனுப்பிடுங்க.